குலுக்கினால் சூடாகுமா நிக்கல்?

ஒரு தேயிலை ஸ்டோர் செலவழிக்கும் சக்தியில் பெரும்பங்கு விறகாகத்தான் வாசலுக்கு வருகிறது. ஒரு கிலோ தூள் எடுக்க நாலரை முதல் ஐந்து கிலோ வரை கொழுந்து வேண்டும். மிச்சமெல்லாம் தண்ணீர். வாட்டும்போது ஒரு பங்கு போகும், மீதியை ட்ரையர்தான் துரத்த வேண்டும். பலாங்கொடையிலும் இறக்குவானையிலும் இதுதான் கதை. எட்டியாந்தோட்டை, தெரணியகலை, தெஹியோவிட்டப் பக்கம் போனால் ரப்பர். ஷீட் காய்வதற்குப் புகை வேண்டும், புகைக்கும் விறகு வேண்டும். ரோலரும் சல்லடையும் விசிறியும் கரண்டில் ஓடுவதால் கரண்ட் கட்டணத்தைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். ஆனால் சப்ரகமுவத் தோட்டங்களின் உண்மையான பசி சூட்டுக்கான பசி.

2022 மார்ச் 31 அன்று இலங்கையில் 13 மணிநேர மின்வெட்டு. டீசலுக்கு நாட்கணக்கில் வரிசை. அப்படியொரு காலத்தைக் கண்டவர்களிடம் வந்து, “சுருட்டு அளவுக் குழாயில் நிக்கல் தூளைப் போடுங்கள், ஐதரசன் வாயுவை ஏற்றுங்கள், சூடாக்கி, ஒரு அதிர்வையும் ஒரு காந்தப்புலத்தையும் கொடுங்கள், போட்ட கரண்டைவிடப் பல மடங்கு சூடு மாதக்கணக்கில் வரும்” என்று ஒருவர் சொன்னால் காது தானாகவே திரும்பும். இந்த வாக்குறுதி முப்பது வருடங்களுக்கு மேலாக உலகைச் சுற்றி வருகிறது. இது வெறும் புரளி என்று ஒரே வரியில் தள்ளிவிட முடியாது. ஏனென்றால் அதிர்வுக்கும் காந்தத்துக்கும் நிக்கல் நிஜமாகவே அசைந்துகொடுக்கிற உலோகம். நம்பிக்கை முளைப்பதும் அங்கேதான், ஏமாற்றம் ஒளிந்திருப்பதும் அங்கேதான்.

ஒரு குழப்பத்தை முதலில் தீர்த்துவிடலாம். நிக்கல்-ஐதரசன் மின்கலம் என்று வேறொன்று உண்டு. ஹபிள் விண்தொலைநோக்கி 1990 முதல் அதைச் சுமந்துகொண்டுதான் பூமியைச் சுற்றுகிறது. அது சக்தியைச் சேமித்து வைக்கும் கலம். நாம் பேசுவது, சக்தியைப் புதிதாகத் தருவதாகச் சொல்லப்படும் உலை.

யூட்டாவிலிருந்து சென்னை வரை

1989 மார்ச் 23. அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் பொன்ஸ், ஃப்ளைஷ்மன் என்ற இரண்டு மின்வேதியியலாளர்கள், கனநீரில் பலேடியம் மின்வாயை வைத்துக் கரண்ட் பாய்ச்சியபோது அணுக்கரு இணைவு நடந்து சூடு வந்ததாக அறிவித்தார்கள். சூரியனுக்குள் நடப்பது கண்ணாடிக் குவளைக்குள் நடக்கிறது என்றால் யார்தான் சும்மா இருப்பார்கள்? பம்பாயில் பாபா அணு ஆராய்ச்சி மையத்தின் தலைவராக அப்போது இருந்த பி.கே. ஐயங்கார் உடனே பல குழுக்களை இதில் இறக்கினார். அந்த வருட முடிவுக்குள் அவரும் மகாதேவ சீனிவாசனும் தொகுத்த அறிக்கை வெளிவந்தது. இணைவின் தடயங்களான நியூத்திரன்களையும் திரித்தியத்தையும் கண்டதாக அதில் பல குழுக்கள் எழுதின. உலகின் பெரும்பாலான ஆய்வுகூடங்களோ அதே காலத்தில் ஒன்றும் கிடைக்காமல் கைவிட்டுக்கொண்டிருந்தன. 1990களின் தொடக்கத்தில் அதே மையத்தில் நிக்கலையும் சாதாரண நீரையும் வைத்துச் செய்த சோதனைகளிலும் திரித்தியம் தென்பட்டதாகச் சீனிவாசனின் குழு அறிவித்தது. பின்னாளில் இந்தத் துறையின் 16ஆவது சர்வதேச மாநாட்டை 2011 பெப்ரவரியில் சென்னைக்குக் கொண்டுவந்தவரும் அவர்தான்.

நிக்கலும் ஐதரசன் வாயுவும் என்ற சோடி இத்தாலியில் பிறந்தது. சியெனாவின் பிரான்செஸ்கோ பியந்தெல்லியும் பொலோனாவின் செர்ஜியோ ஃபொக்கார்தியும் மற்றொருவரும், ஐதரசனில் சூடாக்கிய நிக்கல் தண்டு கணக்குக்கு மிஞ்சிய வெப்பம் தந்ததாக 1994இல் எழுதினார்கள். சும்மா வைத்தால் அது தொடங்காதாம். ஒரு தூண்டல் வேண்டும். திடீர் வெப்ப அதிர்ச்சி, இயந்திரத் தட்டு, மீயொலி, மின்காந்தத் துடிப்பு என்று தூண்டல்களின் பட்டியல் நீண்டது. அதிர்வும் காந்தமும் இந்தக் கதைக்குள் நுழைந்தது இப்படித்தான். ஜெனிவாவிலுள்ள சேர்ன் ஆய்வுகூடத்தில் ஒரு குழு அதே ஏற்பாட்டை மறுபடி அமைத்துப் பார்த்து, 1996இல் முடிவை வெளியிட்டது. வெப்பநிலை ஏறியதை அவர்களும் கண்டார்கள். ஆனால் கூடுதல் வெப்பம் பிறந்ததற்கு ஆதாரம் இல்லை என்றார்கள். உள்ளே வெப்பம் பரவும் வழி மாறினாலே மானி கூட்டிக் காட்டும் என்பது அவர்களின் விளக்கம்.

சென்னை மாநாட்டுக்கு மூன்று வாரம் முன்பு, 2011 ஜனவரி 14 அன்று, ஃபொக்கார்தியோடு சேர்ந்து அந்திரேயா ரொஸ்ஸி பொலோனாவில் ஒரு கருவியை இயக்கிக் காட்டினார். அது தண்ணீரை ஆவியாக்கியது, உலகச் செய்தியாகவும் ஆனது. அதன் பிறகு வந்தவை முதலீடு, ஒரு வருடச் சோதனை, கருத்து வேறுபாடு, 2016இல் வழக்கு, 2017இல் சமரசம். வாங்கிக் கொண்டுபோய்ப் பொருத்தக்கூடிய கொதிகலன் மட்டும் வரவில்லை. இந்தப் பகுதியை நீட்டி எழுத எனக்கு விருப்பமில்லை. வழக்குகளில் பௌதிகம் கிடையாது.

குலுக்கல் செய்யும் நிஜ வேலை

நிக்கல் தூளை அதிரவைத்தால் என்ன நடக்கும்? இதற்குத் தெளிவான விடை இருக்கிறது. காற்றில் கிடக்கும் நிக்கல் தூளின் மேல் மெல்லிய ஒட்சைட்டுப் படலம் இருக்கும். ஐதரசன் உள்ளே போகாமல் அது தடுக்கும். அமெரிக்காவின் இலினோய் பல்கலைக்கழகத்தில் கென்னத் சுஸ்லிக் 1987இல் ஒரு சோதனை செய்தார். திரவத்தில் மிதக்கும் நிக்கல் தூளை மீயொலியால் அதிரவைத்தார். துகள்கள் ஒன்றோடொன்று மோதி, படலம் உரிந்து, ஐதரசனேற்றத்தில் அந்தத் தூளின் ஊக்கித் திறன் ஒரு இலட்சம் மடங்குக்கு மேல் ஏறியது. மாஜரின் செய்யும் தொழிற்சாலையில் எண்ணெயை இறுகவைக்கும் வேலையும் நிக்கலும் ஐதரசனும் சேர்ந்த வேலைதான். ஆகவே அதிர்வு நிக்கல்-ஐதரசன் தாக்கத்தை மாற்றுமா என்று கேட்டால், மாற்றும், அதுவும் பயங்கரமாக மாற்றும். ஆனால் அது வேதியியல் மாற்றம். அதில் வரும் சூடு, தாக்கமடையும் பொருள் தீர்ந்தால் தீர்ந்துவிடும்.

அதிர்வுக்கு இன்னொரு முகமும் உண்டு. தேயிலைப் பெட்டியைக் குலுக்கினால் தூள் இறுகிப் படிவதுபோல, குழாய்க்குள்ளிருக்கும் உலோகத் தூளும் படியும். துகள்களுக்கிடையே தொடுகை கூடும், வெப்பம் கடத்தப்படும் வேகம் மாறும். வெப்பமானி தூளின் எந்தப் பக்கம் இருக்கிறது என்பதைப் பொறுத்து, ஒரு துளி வெப்பமும் கூடாமலே அளவீடு பத்து இருபது பாகை ஏறவோ இறங்கவோ முடியும். சேர்ன் குழு சொன்ன விளக்கத்தின் அண்ணன் தம்பிதான் இது. ஐதரசன் ஏனைய வாயுக்களைவிட மிக வேகமாக வெப்பத்தைக் கடத்துவது என்பதையும் சேர்த்துக்கொண்டால், “வாயுவை ஏற்றினேன், குலுக்கினேன், ஏறியது” என்ற வாக்குமூலத்துக்கு எவ்வளவு பெறுமதி என்று புரியும்.

காந்தம்: உதவியும் உபத்திரவமும்

இரும்பு, கோபாற்று, நிக்கல் மூன்றும் அறை வெப்பநிலையில் காந்தத்தில் ஒட்டும் உலோகங்கள். காந்தப்புலத்தில் வைத்தால் நிக்கல் சுருங்கும், மீற்றருக்கு ஏறத்தாழ 0.035 மில்லிமீற்றர். அற்பம்தான். ஆனால் புலம் மாறிமாறி வந்தால் இந்தச் சுருக்கமே அதிர்வாகிவிடும். இரண்டாம் உலகப் போரில் நீர்மூழ்கிகளைத் தேடிய ஒலிக்கருவிகள் பல நிக்கலின் இந்தக் குணத்தில்தான் பேசின. தோட்டத்து மின்மாற்றி இரவில் முனகுகிறதே, அதுவும் இதே குணத்தின் இரும்புப் பதிப்பு. நிக்கல் உலையைச் சுற்றி ஒரு கம்பிச்சுருளைச் சுற்றி 50 ஹேர்ட்ஸ் கரண்டைக் கொடுத்தால் காந்தமும் அதிர்வும் சேர்ந்தே உள்ளே போகும். இரண்டையும் பிரித்துச் சோதித்தேன் என்று யாராவது சொன்னால், எப்படிப் பிரித்தீர்கள் என்று கேட்பதே முதல் கேள்வி.

மாறும் காந்தப்புலம் உலோகத்துக்குள் சுழல் மின்னோட்டங்களை உண்டாக்கும். இண்டக்‌ஷன் அடுப்பு சட்டியைச் சூடாக்குவது இதனால்தான். இது கம்பிச்சுருள் வழியாக நாம் கொடுத்த கரண்டே சூடாக மாறுவது. சுருளுக்குப் போன கரண்டைக் கணக்கில் விட்டுவிட்டால் அந்தச் சூடு அதிசயம் போலத் தெரியும். அலையை வெட்டிக் கொடுக்கும் கட்டுப்பாட்டுக் கருவிகள் இருந்தால் மலிவான மானிகள் உள்ளே போகும் கரண்டைக் குறைத்துக் காட்டவும் வாய்ப்புண்டு.

358 பாகை செல்சியஸைத் தாண்டினால் நிக்கல் காந்தப் பண்பை இழந்துவிடும் என்பதையும் மறக்கக்கூடாது. 1,000 பாகைக்கு மேல் ஓடுவதாகச் சொல்லப்பட்ட உலைகளில், காந்தம் நிக்கலின் காந்தப் பண்பைத் தூண்டுகிறது என்ற பேச்சுக்கே இடமில்லை. இன்னும் சுவையான ஒன்று உண்டு. நிக்கல் ஐதரசனை நிறையக் குடித்து ஐதரைட்டாக மாறும்போதும் காந்தப் பண்பு போய்விடுகிறது. ஆனால் அந்த நிலைக்குக் கொண்டுவர ஆயிரக்கணக்கான வளிமண்டல அமுக்கமோ மின்பகுப்போ வேண்டும். சாதாரண அமுக்கத்தில் நிக்கலுக்குள் நுழையும் ஐதரசன் மிகக் கொஞ்சம். பலேடியம் போல அது குடிகாரன் இல்லை. என்னைக் கேட்டால் இந்த ஆராய்ச்சியில் காந்தத்துக்கு இருக்கும் நேர்மையான வேலை இதுதான்: எவ்வளவு ஐதரசன் உள்ளே போயிற்று என்பதை வெளியிலிருந்தே அறியும் அளவுகோலாக இருப்பது.

கடைசியாக ஒரு வேடிக்கை. தொழிற்சாலைகளில் அதிகம் புழங்கும் கே வகை வெப்பமானியின் இரண்டு கம்பிகளுமே நிக்கல் கலப்புலோகங்கள். ஒன்றில் 90 வீதம் நிக்கல், மற்றதில் ஏறத்தாழ 95 வீதம். அவற்றில் ஒன்று காந்தத்தில் ஒட்டும். நிக்கல் உலையைக் காந்தத்தாலும் அதிர்வாலும் தூண்டிவிட்டு, அந்தத் தூண்டலுக்கு அசையும் நிக்கல் கம்பியாலேயே முடிவை அளக்கிறோம். சாட்சியே குற்றவாளியின் உறவுக்காரன்.

எத்தனை சைபர் தூரம்?

நிக்கல் கருவும் ஐதரசன் கருவும் நேர் ஏற்றம் கொண்டவை. ஒன்றையொன்று தள்ளும். அந்தத் தடையின் உயரம் சில மில்லியன் இலத்திரன் வோல்ட். நிக்கல் பளிங்கின் இயற்கையான அதிர்வு ஒன்றின் சக்தி அதிகபட்சம் 0.04 இலத்திரன் வோல்ட் அளவு. ஒரு தெஸ்லா காந்தப்புலம், அதாவது ஆய்வுகூடத்துப் பெரிய மின்காந்தம், ஒரு இலத்திரனின் காந்தத்தை அசைக்கும் சக்தி 0.00006 இலத்திரன் வோல்ட். கருவின் காந்தத்தை அசைப்பது அதிலும் குறைந்தது பல நூறு மடங்கு சிறியது. இந்தத் தூரத்தைக் குலுக்கலாலோ காந்தத்தாலோ நேரடியாகத் தாண்ட வழி கிடையாது.

இதை இத்துறையில் உழைப்பவர்கள் அறியாதவர்கள் அல்லர். மசசூசெட்ஸ் தொழினுட்ப நிறுவகத்தின் பீட்டர் ஹகல்ஸ்டைன் பல வருடங்களாகச் சொல்வது வேறு மாதிரி. தனி அதிர்வு போதாது, ஆனால் பளிங்கிலுள்ள கணக்கற்ற அணுக்கள் ஒரே தாளத்தில் அதிர்ந்தால், கருவில் பிறக்கும் பெருஞ்சக்தி கோடிக்கணக்கான சிறு அதிர்வுகளாக உடைந்து சூடாக வெளிவரலாம் என்கிறார். ஆபத்தான கதிர்வீச்சு ஏன் வெளிவரவில்லை என்ற கேள்விக்கும் அதுவே அவர் தரும் விடை. அழகான யோசனை. ஆனால் அதை நிறுத்துப் பார்க்க, எல்லோரும் எங்கும் திரும்பச் செய்யக்கூடிய ஒரு சோதனை முதலில் வேண்டும்.

அந்தச் சோதனையைத் தேடிப் பணம் கொட்டியும் பார்த்தாயிற்று. கூகிள் நிறுவனம் 2015 முதல் பல பல்கலைக்கழகங்களின் ஆய்வாளர்களை ஒன்றுசேர்த்து ஏறத்தாழ ஒரு கோடி டொலர் செலவழித்தது. ஐதரசனில் சூடாக்கிய உலோகத் தூள்களும் அதில் அடக்கம். சோதித்த 420 மாதிரிகளில் ஒன்றுகூடக் கூடுதல் வெப்பம் தரவில்லை என்று 2019இல் நேச்சர் இதழில் அறிவித்தார்கள். அதே குழுவின் கேர்ட்டிஸ் பெர்லிங்கெட் கனடாவில் விடாமல் தொடர்ந்தார். 2025இல் பலேடியத்துக்குள் மின்வேதியியல் முறையில் தியூத்திரியத்தை அடைத்தபோது இணைவு வீதம் சராசரியாக 15 வீதம் கூடியதை நியூத்திரன்களை எண்ணிக் காட்டினார். இது மெய்யான முன்னேற்றம். ஆனால் அதில் வெளிவந்த சக்தி ஒரு குவளைத் தண்ணீரைக்கூட வெதுவெதுப்பாக்காது. ஜப்பானில் கிளீன் பிளானட் என்ற நிறுவனம் நிக்கலும் செம்பும் மாறிமாறிப் படிந்த மெல்லிய ஏடுகளை ஐதரசனில் சூடாக்குகிறது. கொதிகலன் செய்யும் மியுரா நிறுவனத்தோடு 2021இல் உடன்படிக்கை செய்தது. தேயிலைத் தொழிற்சாலைக்கு மிக நெருக்கமாக வரும் முயற்சி அதுதான். ஏனென்றால் அந்த முயற்சி தர நினைப்பது கரண்டை அல்ல, நீராவியை.

சமனலவெவக் காற்று

நம்ப முடியாத சக்தி உரிமைகோரல் ஒன்று நிஜமாக நிரூபிக்கப்பட்ட இடம் சப்ரகமுவவிலேயே இருக்கிறது. அதைச் சொல்லாமல் இந்தக் கட்டுரையை முடிக்க மனம் வரவில்லை.

பலாங்கொடைக்கு அப்பால் சமனலவெவ அணை எழுந்த காலத்தில், நீரில் மூழ்கவிருந்த சரிவுகளைத் தொல்லியலாளர் ஜில் ஜூலெஃப் ஆராய்ந்தார். மேற்கைப் பார்த்த மேட்டு விளிம்புகளில் பழைய இரும்பு உருக்கு உலைகள் வரிசையாகக் கிடந்தன. கி.பி. 7 முதல் 11ஆம் நூற்றாண்டு வரையிலானவை. துருத்தி கிடையாது. தென்மேற்குப் பருவக்காற்றே துருத்தி என்று அவர் ஊகித்தார். காற்றை நம்பி நல்ல இரும்பு எடுக்க முடியாது என்பது அப்போது நிபுணர்களின் பொதுக் கருத்து. அவர் வாதாடிக்கொண்டிருக்கவில்லை. 1994இல் அதே மண்ணில், அதே சரிவில், அதே பருவத்தில் மாதிரி உலைகளைக் கட்டி எரித்தார். முன்சுவரின் விளிம்பைத் தாண்டும் காற்று அதன் பின்னால் அமுக்கத்தைக் குறைக்க, சுவரின் களிமண் குழாய்கள் வழியே காற்று தானாக உள்ளே இழுபட்டது. காபன் மிகுந்த உருக்கு கையில் கிடைத்தது. 1996 ஜனவரியில் நேச்சர் அதை வெளியிட்டது.

கேகாலை மாவட்டத்துக்கு இதற்கு நேரெதிரான அனுபவமும் உண்டு. 2020 டிசெம்பரில் கொரோனாவுக்குப் பாணி என்று ஹெட்டிமுல்லையில் ஆயிரக்கணக்கானோர் திரண்டார்கள், பரிசோதனை முடிவு வருமுன்னே. 2008இல் தண்ணீரில் ஓடும் கார் என்று ஒருவர் இந்த நாட்டின் பிரதமருக்கே காட்டினார். சில மாதங்களில் முதலீட்டு மோசடிச் சந்தேகத்தில் கைதானார். சமனலவெவ உலைக்கும் இவற்றுக்கும் இடையிலுள்ள வித்தியாசம் இயந்திரத்தில் இல்லை, பிறர் கையில் கொடுத்துத் திரும்பச் செய்து பார்க்கும் மனத்தில் இருக்கிறது.

தோட்டத்தில் ஒரு சோதனை

நாளைக்கு ஒருவர் நிக்கல் உலையைத் தூக்கிக்கொண்டு இரத்தினபுரிப் பக்கத் தொழிற்சாலை ஒன்றுக்கு வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். பட்டதாரிகள் யாரும் வேண்டாம், கொதிகலன் பார்த்த ஒரு தொழிலாளியே போதும். ஈர நீராவிக்கும் உலர் நீராவிக்கும் வித்தியாசம் அவருக்குத் தெரியும். 25 பாகைத் தண்ணீரை 100 பாகைக்குக் கொண்டுவர கிலோவுக்கு ஏறத்தாழ 314 கிலோயூல் போதும். முழுதும் ஆவியாக்க மேலும் 2,257 கிலோயூல் வேண்டும். வெளியே வருவதில் பெரும்பகுதி கொதிநீராக இருந்து, அதை முழு ஆவி என்று கணக்கெழுதினால், ஒன்றுக்கு எட்டு மடங்கு இலாபம் காகிதத்தில் முளைக்கும். 2011இல் பொலோனாக் கருவியைச் சுற்றி எழுந்த பெரிய வாக்குவாதமே இதுதான்.

ஆகவே நீராவிக் குழாயைக் குளிர்நீர் நிறைந்த ஒரு பீப்பாய்க்குள் விடவேண்டும். பீப்பாயை முன்பும் பின்பும் நிறுக்க வேண்டும். வெப்பநிலையைக் கண்ணாடி வெப்பமானியால் பார்க்க வேண்டும், காந்தம் அதைத் தொடாது. உலைக்குப் போகும் கம்பி, காந்தச் சுருளுக்குப் போகும் கம்பி, அதிர்வு மோட்டருக்குப் போகும் கம்பி எல்லாம் ஒரே மானி வழியே போக வேண்டும். அந்த மானி வந்தவருடையதாக இருக்கக்கூடாது. பக்கத்தில் அதே மாதிரி இன்னொரு உலை, ஐதரசனுக்குப் பதில் ஆகன் நிரப்பி, அதே குலுக்கலோடும் அதே காந்தத்தோடும் ஓட வேண்டும். எதில் எந்த வாயு என்பது அளப்பவருக்குத் தெரியக்கூடாது. ஒரு மணிநேரம் போதாது. உள்ளிருக்கும் தூள் வேதியியலால் தரக்கூடிய சூடு முழுவதையும் தாண்டும்வரை, வாரக்கணக்கில் ஓட வேண்டும். ஒன்றுக்கு மூன்று மடங்கு வந்தாலும் பெரிதாகக் கைதட்டத் தேவையில்லை, அவ்வளவு மிதமான சூட்டைச் சந்தையிலுள்ள வெப்பப் பம்பி இன்றைக்கே தருகிறது. இத்தனைக்கும் அவர் சம்மதித்தால் இடம் கொடுக்கலாம், தேநீரும் கொடுக்கலாம்.

கையெழுத்துப் போடுமுன் தொழிற்சங்கம் கேட்கவேண்டிய கேள்விகள் வேறு. ஐதரசன் காற்றில் 4 வீதம் கலந்தாலே தீப்பிடிக்கும், நிறமும் மணமும் கிடையாது. ட்ரையரின் நெருப்புக்கு எத்தனை அடி தள்ளி அதை வைப்பார்கள்? நுண்ணிய நிக்கல் தூள் மூச்சில் போவது நுரையீரலுக்குக் கேடு. நிக்கல் சேர்வைகளைப் புற்றுநோய் தரும் பொருட்கள் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் வகைப்படுத்தியிருக்கிறது. அந்தக் குழாயைத் திறந்து பழைய தூளைக் கொட்டிப் புதுத் தூள் போடுவது யார்? விறகு தூக்கும் அதே தொழிலாளி என்றால், முகக்கவசத்தையும் மருத்துவப் பரிசோதனையையும் யார் கணக்கில் எழுதுவார்கள்?